மாத்திரைக்குக் கேட்குதா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு திருச்சியிலிருந்து அண்ணி போன் செய்தார். பிள்ளைகள் படிப்பு, அண்ணனின் முட்டி வலி எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "உனக்கு ஒரு புது மாத்திரை மாத்திக் குடுத்தாங்கன்னு சொன்னியே, அது கேக்குதா?"

அவருக்கும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வோர்டியோக்செட்டின், 10 மில்லிகிராம். அண்ணிக்கு இரண்டு வருடமாக மனசு சரியில்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை காலையிலிருந்து சாப்பிட ஆரம்பிக்க வேண்டுமாம். அதற்குள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். (அண்ணியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

"கேக்குது அண்ணி, தைரியமா சாப்பிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் 19 வருடமாக அடுத்தவர்களின் கணக்கைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. வவுச்சர் இல்லாத தொகையை ஏற்றுக்கொள்ள மனம் வராது. "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நானே கூப்பிடறேன் அண்ணி" என்று சொல்லி வைத்தேன். அந்த இரண்டு நாளில் என் நோட்டை எடுத்துத் திரும்பப் படித்தேன். மாத்திரை மாற்றிய சமயத்தில் தேடித் தேடிப் படித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் மறுபடி திறந்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எண்களை வாசிக்கத் தெரியும், இந்த நோயோடு வாழவும் தெரியும். இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

மருந்து வேலை செய்வதை நாம் "கேட்கிறது" என்கிறோம். இந்த மாத்திரைக்குத்தான் அவனுக்குக் காய்ச்சல் கேட்கும், கஷாயத்துக்கே சளி கேட்டுவிட்டது என்று. காய்ச்சல் கேட்டதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனச்சோர்வுக்கு எதை வைத்துப் பார்ப்பது? அண்ணியின் ஒரு வரிக் கேள்வி இரண்டு நாள் பிடித்தது இதனால்தான்.

மனச்சோர்வு என்றுதான் எழுதுகிறேன். பேப்பரிலும் டி.வி.யிலும் மன அழுத்தம் என்கிறார்கள். அப்படிச் சொன்னால் ஆபீஸ் டென்ஷன் மாதிரி ஆகிவிடுகிறது. டென்ஷன் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு செப்டம்பரும் அதில்தான் போகும். இது வேறு. குரோம்பேட்டையிலிருந்து மாம்பலத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் போகிறவள் நான். ஒரு நாள் மாம்பலம் வந்தது, கூட்டம் இறங்கியது, நான் இறங்கவில்லை. தூங்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. எழுந்து நிற்க வேண்டும் என்று தெரிகிறது, கால் எழவில்லை. கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டே கடற்கரை வரை போய், அதே வண்டியில் உட்கார்ந்தபடி திரும்பி வந்தேன். அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னேன்.

முதலில் பார்த்த டாக்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தில் "நரம்பு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு போனேன். உள்ளே மொத்தம் மூன்று நிமிடம். எஸ்சிட்டலோப்ராம் 10 எழுதினார். மாதம் ஒருமுறை போனால் "எப்படி இருக்கு?" என்பார், "பரவாயில்ல டாக்டர்" என்பேன், அதே சீட்டு. மருந்து கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பயம் குறைந்தது, தூக்கம் வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. பாதிக் கிணறு தாண்டி நின்றதுபோல ஐந்து மாதம் ஓடியது.

மகள் பிடிவாதமாக வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மா 25 நிமிடம் பேசினார். ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வம் எப்படி, தூக்கம் எப்படி, பசி எப்படி, கவனம் எப்படி என்று போகும் அது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. உலகம் முழுக்க புழக்கத்தில் இருக்கிற தாள்தான், பி.எச்.க்யூ.-9 என்று பெயர். எனக்கு 13 வந்தது. முதல் டாக்டரிடம் போன சமயத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டார். யோசித்துப் போட்டுப் பார்த்தால் 18 வரும்போல இருந்தது. "அப்ப அந்த மருந்து கொஞ்சம் வேலை செஞ்சிருக்கு. ஆனா நின்னுபோச்சு" என்றார். மாற்றலாமா என்று அவரே என்னிடம் கேட்டார். புதிய மாத்திரையின் பெயரை எழுதிவிட்டு ஒன்று சொன்னார். "இது புதுசுங்கறதால பழசைவிடப் பலமானதுன்னு நினைச்சுக்காதீங்க. வேற மாதிரியானது, அவ்வளவுதான்."

அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

வோர்டியோக்செட்டின் டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனமும் ஜப்பானின் டகேடாவும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை (எஃப்.டி.ஏ.) 2013 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. பழைய மாத்திரைகளைப் போலவே மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, கூடவே செரோட்டோனினை வாங்கிக்கொள்ளும் சில ஏற்பிகளிலும் நேரடியாக வேலை செய்கிறது. படித்தபோது பெரிய முன்னேற்றம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம்தான். நோயாளி எவ்வளவு தேறுகிறார் என்பது தனிக் கணக்கு.

அந்தக் கணக்கு மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே இருக்கிறது. சோதனைகளில் மனச்சோர்வை அளக்க எம்.ஏ.டி.ஆர்.எஸ். என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1979-இல் மாண்ட்கோமரி, ஆஸ்பெர்க் என்ற இருவர் உருவாக்கியது. பத்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 60. அமெரிக்காவில் எட்டு வாரம் நடந்த ஒரு சோதனையில் 20 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 15.6 புள்ளி இறங்கியது. அருமை என்று நினைத்தேன். பக்கத்துப் பத்தியைப் பார்த்தேன். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, அதாவது பிளாசிபோ சாப்பிட்டவர்களுக்கு 12.8 இறங்கியிருக்கிறது. இன்னொரு சோதனையில் 14.4, வெற்று மாத்திரைக்கு 10.8.

அதாவது மருந்தின் தனிப் பங்கு மூன்று, மூன்றரைப் புள்ளி. அறுபதில்.

அன்றைக்கு எனக்கு வயிற்றில் ஒரு கனம் இறங்கியது. இதற்காகவா இவ்வளவு பாடு? கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் பால்கனியில் நின்றேன். அப்புறம் ஆபீஸ் புத்தி வந்தது. பத்துக் கிளை உள்ள கடைக்குச் சராசரி லாபம் மூவாயிரம் என்றால், ஒவ்வொரு கிளையும் மூவாயிரம் சம்பாதித்தது என்று எந்த ஆடிட்டரும் எழுத மாட்டார். ஒரு கிளை பத்தாயிரம் காட்டியிருக்கும், இன்னொன்று கைக்காசைப் போட்டு நடந்திருக்கும். நான் எந்தக் கிளை என்பதைச் சராசரி சொல்லாது.

சரி, இந்தச் சராசரியாவது நம்பக்கூடியதா? இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். எரிக் டர்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒருகாலத்தில் எஃப்.டி.ஏ.விலேயே மருந்து விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர். 2008-இல் அவரும் உடனிருந்தவர்களும் 12 மனச்சோர்வு மருந்துகளுக்காகத் துறையிடம் பதிவான 74 சோதனைகளை எடுத்து, அவற்றில் எவை மருத்துவ இதழ்களில் வெளியாயின என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் பேங்க் ஸ்டேட்மெண்டையும் கேஷ் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பது. துறையின் கணிப்பில் 38 சோதனைகள் மருந்துக்குச் சாதகம். அதில் 37 அச்சில் வந்திருந்தன. மீதி 36 சோதனைகள் சாதகமில்லை, அல்லது சந்தேகம். அதில் 22 வெளிவரவே இல்லை. 11 வெளிவந்தன, ஆனால் மருந்து வெற்றி பெற்றதுபோல் எழுதப்பட்டு. உள்ளபடி எழுதப்பட்டவை மூன்றே மூன்று.

லாபம் வந்த கிளைகளின் கணக்கை மேஜைமேல் விரித்துவிட்டு, நஷ்டக் கிளைகளின் லெட்ஜரைப் பீரோவில் பூட்டிவைக்கிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய்க்கணக்கு எழுதுவதில்லை. காட்டுவது எல்லாம் நிஜம்தான். காட்டாததில்தான் விஷயம் இருக்கிறது. என் அண்ணி மாதிரி ஒருவர் விழுங்கப்போகிற மாத்திரையில் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

2022-இல் டர்னர் குழு அதே வேலையைப் புதிய மருந்துகளுக்குச் செய்தது. நான்கு மருந்துகள், அதில் நம் வோர்டியோக்செட்டினும் ஒன்று. 30 சோதனைகளில் 15 சாதகம், 15 சாதகமில்லை. சாதகமான 15-ம் வெளிவந்தன. மற்ற 15-இல் ஆறு வெளிவரவில்லை, இரண்டு வெற்றிபோல எழுதப்பட்டன, ஏழு உள்ளபடியே வந்தன. மூன்று எங்கே, ஏழு எங்கே. நிலைமை தேறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. துறையின் ஏடுகளை வைத்துக் கணக்குப் போட்டால் புதிய நான்கும் பழைய மருந்துகளைவிட அதிகம் சாதித்ததாகத் தெரியவில்லை.

மற்ற பெரிய ஆய்வுகளும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகின்றன. 2018-இல் லான்செட் இதழில் வந்த சிப்ரியானி குழுவின் தொகுப்பு 522 சோதனைகளையும் 1,16,477 பேரையும் 21 மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தது. 21-ம் வெற்று மாத்திரையைவிட மேல் என்றது. இந்த மருந்துகள் வேலையே செய்யாது என்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான். நேருக்குநேர் ஒப்பிட்டதில் கொஞ்சம் முந்தியவை என்று ஏழு பெயர்களைச் சொன்னது. வோர்டியோக்செட்டின் அதில் உண்டு. நான் விட்டுவிட்டு வந்த எஸ்சிட்டலோப்ராமும் உண்டு. விலை குறைந்த அந்தப் பழைய மாத்திரை. 2017-இல் வெளியான, சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு இன்னும் கறாராகச் சொல்லிவிட்டது: வெற்று மாத்திரையைவிட மேல்தான், ஆனால் மனச்சோர்வு சிகிச்சையில் இந்த மருந்தின் இடம் எது என்பது தெளிவாகவில்லை. நம் ஊரில் டாக்டர்கள் முதலில் எழுதும் எஸ்சிட்டலோப்ராம் வகை மருந்துகளோடு நேருக்குநேர் வைத்த சோதனை ஒன்றுகூட அவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை.

முதல் மருந்தில் பாதி தேறி நின்றவர்களுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு என்று நடந்த சோதனை ஒன்று 2014-இல் வந்தது. அதில் இது அகோமெலாட்டின் என்ற மருந்தைவிட எட்டு வாரத்தில் சுமார் இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. பணம் போட்டது மருந்துக் கம்பெனிதான். அதனாலேயே பொய் என்று தள்ள மாட்டேன், குறித்துக்கொள்வேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு மாத்திரையை ஆரம்பித்தேனா என்றால், ஆரம்பித்தேன். ஆகஸ்ட் 26. அதற்கு முதல் நாள் இரவு டாக்டர் சொன்ன ஒரு வேலையைச் செய்தேன். ஒன்பது கேள்வித் தாளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்புவது ஒன்று. அதோடு, இந்த நோய் வந்தபிறகு என் வாழ்க்கையில் நின்றுபோனவற்றில் நான்கை மட்டும் நானே எழுதி, அவை திரும்புகின்றனவா என்று பார்ப்பது. "மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க. அப்புறம் எழுதினா நமக்கு வேணுங்கறதை எழுதிடுவோம்" என்றார். ஆடிட்டில் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்கள். எதைச் சரிபார்க்கப் போகிறோம் என்பதைக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

நான் எழுதிய நான்கு: எழுந்து பல் தேய்க்கப் போக எவ்வளவு நேரம் ஆகிறது. வங்கிக் கணக்கு ஒத்துப்பார்க்கும்போது ஒரு பக்கத்தை விட்ட இடம் மறக்காமல் முடிக்கிறேனா. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தால் எடுக்கிறேனா. இட்லிக்கு அரிசி ஊறப் போடுகிறேனா.

கடைசியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு வருடமாக வீட்டில் கடை மாவுதான். வேலைக்குப் போகிறவள், நேரமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். நேரம் இருந்தது. அரிசி ஊறப் போட வேண்டுமென்றால் சாயந்திரம் அரைக்க வேண்டும், ராத்திரி புளிக்க வேண்டும், நாளைக் காலை ஊற்ற வேண்டும். நாளைக் காலை என்று ஒன்று வரும் என்பதே என் மனதில் பிடிபடவில்லை. அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்று தோன்றுகிறதா என்பது. அதற்கு நான் 1 போட்டிருந்தேன். அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னது அந்த 25 நிமிடத்தில் மிகக் கஷ்டமான நிமிடம், மிக உபயோகமான நிமிடமும் அதுவே. (அப்படித் தோன்றுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து ஸ்நேகா அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. கூச்சப்பட வேண்டாம்.)

முதல் இரண்டு வாரம் குமட்டல். தகவல் தாளின்படி 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களில் 100-க்கு 26 பேருக்கு வரும், வெற்று மாத்திரையிலேயே 9 பேருக்கு வரும். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை எந்த ஏற்பியை அடைக்கிறதோ, அதையே இந்த மருந்தும் அடைக்கிறது. அப்படியிருந்தும் குமட்டுகிறது. இரண்டு நாள் கிண்டியில் பாதி வழியில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வண்டி பிடித்தேன். பதினோராம் நாளோடு நின்றுவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பெண்கள் யாரும் எழுதுவதில்லை என்பதற்காகவே. பழைய மாத்திரையில் தாம்பத்தியத்தில் ஆசை என்பதே அற்றுப்போயிருந்தது. நோயால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி மருந்தால் வந்தது. டாக்டர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அந்த விஷயத்தில் எஸ்சிட்டலோப்ராமுக்கு மாறியவர்களைவிட வோர்டியோக்செட்டினுக்கு மாறியவர்கள் அதிகம் தேறினார்கள் என்று 2015-இல் ஒரு சோதனை வந்திருக்கிறது. என் அனுபவமும் அப்படித்தான். இந்த மருந்துக்குப் பழையதைவிட ஒரு தனி மேன்மை உண்டு என்று யாராவது சொன்னால் நான் உடனே ஒத்துக்கொள்வது இதை.

இப்போது எண்கள். ஆகஸ்ட் 26: 13. செப்டம்பர் 9: 13. செப்டம்பர் 23: 12. அன்றைக்கு டாக்டர் 20 மில்லிகிராமாகக் கூட்டினார். அக்டோபர் 7: 10. அக்டோபர் 21: 6.

பார்த்தவுடன் தோன்றுவது, அளவைக் கூட்டியதும் கேட்டுவிட்டது என்பது. நானும் அப்படித்தான் குதித்தேன். பிறகு நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். செப்டம்பர் 30 வருமான வரி ஆடிட் கெடு. எங்கள் ஆபீசில் அந்த மாதம் இரவு பத்து மணிக்கு முன் யாரும் கிளம்புவதில்லை. கெடு முடிந்தது. மகளின் காலாண்டுத் தேர்வு முடிந்தது. அக்டோபர் நடுவில் மழை வந்தது. நீண்ட வெயிலுக்குப் பிறகு சென்னையில் பருவமழையின் முதல் மழை என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம். மாத்திரையா, கெடு முடிந்ததா, தேர்வு முடிந்ததா, மழையா? நாலு வரவும் ஒரே தேதியில் ஒரே தொகையாக ஏறியிருக்கிறது. பிரித்து எழுத வழியில்லை.

சோதனைகளில் வெற்று மாத்திரைக் குழு எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் உண்மையில் புரிந்தது. மிக மோசமான வாரத்தில்தான் மனிதர்கள் டாக்டரிடம் போகிறார்கள். அதற்குப் பிறகு பாதிப் பேருக்குக் கெடு முடியும், மழை வரும். அந்த மழையையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கத்தான் அந்த வெற்று மாத்திரைக் குழு. எனக்கு வெற்று மாத்திரை சாப்பிட்ட இன்னொரு நான் கிடையாது.

ஆனால் நோட்டில் ஒரு பதிவு மட்டும் கூட்டத்தோடு சேராமல் தனியாக நின்றது. செப்டம்பர் 25. "ஒரு கம்பெனியின் ஏழு மாத வங்கிக் கணக்கை ஒரே மூச்சில் ஒத்துப்பார்த்தேன். விட்ட இடம் மறக்கவில்லை." கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு. வேலை உச்சத்தில், வெயிலும் குறையவில்லை. வரவு வரக் காரணமே இல்லாத நாளில் வரவு. இந்த மருந்து யோசனையின் வேகத்தைக் கொஞ்சம் மீட்கும் என்று கம்பெனி சொல்லிவந்தது. எண்களுக்கு எதிரே குறிகளை நிரப்பும் ஒரு பரிசோதனையில் முன்னேற்றம் காட்டினார்கள். அதைத் தனிப் பயனாக விளம்பரப்படுத்த எஃப்.டி.ஏ. 2016-இல் அனுமதிக்கவில்லை. 2018-இல் அந்தப் பரிசோதனை முடிவை மட்டும் தகவல் தாளில் சேர்க்க விட்டது. நான் அளவைக் கூட்டி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது, ஆனால் மருந்து தொடங்கி ஒரு மாதம். ஆகவே இது மருந்தின் வேலையாக இருக்கலாம். பழைய மருந்தின் மந்தம் விலகியதாகவும் இருக்கலாம். டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, "இதை எழுதி வச்சிருக்கீங்களே" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை மறுபடி 12.8-க்குத் திருப்பியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இறங்கிய 12.8 புள்ளி. முதலில் அதைப் பார்த்து மருந்தின் மேல் நம்பிக்கை போனது. இப்போது அந்த எண்ணையே மதிப்போடு பார்க்கிறேன். அந்த எட்டு வாரமும் அவர்களை யாரோ உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, உள்ளுக்குள் பதற்றம் எப்படி என்று பத்து அம்சங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, குறித்து, அடுத்த முறை வந்தால் போன முறை சொன்னதை நினைவில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இயல்பாகத் தேறியதும், நம்பிக்கையும், தற்செயலும் அதில் உண்டு. இந்தக் கேட்பும் உண்டு என்பது என் கணிப்பு. மருந்து கூடுதலாகக் கொடுத்த மூன்று புள்ளி அதன்மேல்தான் நிற்கிறது.

நமக்கு என்ன கிடைக்கிறது? மூன்று நிமிடம், ஒரு "எப்படி இருக்கு", ஒரு "பரவாயில்ல". சோதனையில் இருந்த மாத்திரை மட்டும் கடல் தாண்டி வந்துவிட்டது. அதோடு இருந்த கேட்பு வரவில்லை. டாக்டர்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன், வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள். பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வருகிறது, அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போவதில்லை என்றது. 1794-லிருந்து மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் இது. அந்தக் கீழ்ப்பாக்கம் என்ற பெயரை இன்றைக்கும் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். இங்கே போய், புது மாத்திரை பழைய மாத்திரையைவிட எத்தனை புள்ளி மேல் என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் போதவில்லை.

அக்டோபரில் மூன்றாவது ஞாயிறு, மதியம் அரிசியும் உளுந்தும் களைந்து ஊறப் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை போய்விட்டது. அம்மா ஹாலில் இருந்து, "மாவு வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்று கேட்டார். "ஊறப் போட்டிருக்கேம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து, மூலையில் துணி போட்டு மூடியிருந்த கிரைண்டரை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மருந்தை இன்னும் தொடர்கிறேன். தேறியபின் குறைந்தது ஆறு மாதமாவது நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்த 2012 சோதனையில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 13 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 26 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. தேறவைப்பதில் இருந்த மூன்று புள்ளியைவிட இந்தப் பாதிக்குப் பாதி என்னை அதிகம் திருப்திப்படுத்தியது. நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அண்ணிக்குப் போன் செய்தேன். படித்தது எல்லாவற்றையும் சொல்லவில்லை. "எனக்குக் கேட்டுச்சுன்னுதான் நினைக்கறேன் அண்ணி. முழுக்க அதால மட்டும்னு சத்தியம் பண்ண முடியாது. மொத ரெண்டு வாரம் குமட்டும், பயந்து நிறுத்திடாதீங்க. நீங்களா எதையும் மாத்தாம டாக்டர்கிட்ட போன் பண்ணிக் கேளுங்க. நாளைக்கு ஆரம்பிங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

"வைக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. முன்ன செஞ்சிட்டிருந்தது, இப்ப செய்ய முடியாமப் போனது, நாலு சொல்லுங்க. நான் எழுதிக்கறேன். பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கூப்பிட்டுக் கேப்பேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. டி.வி.யில் ஏதோ விளம்பரம் கேட்டது, அப்புறம் அதை யாரோ நிறுத்தினார்கள். அண்ணி எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"கோலம்" என்றார். "மார்கழிக்குக்கூட போடலை. உங்கண்ணன்தான் தண்ணி தெளிச்சு விட்டுட்டு இருந்தார்."

"எழுதிட்டேன் அண்ணி. ரெண்டாவது?"